செவ்வரத்தைக்கு இன்னொரு பேர்

என் வயசுக்காரர்களே, உங்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கிளினிக்கில் ஒரே வாங்குப் பலகையில்தானே குந்தியிருக்கிறோம். இப்போது உங்கள் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் ஏதோ தாங்களே கண்டுபிடித்தமாதிரி செவ்வரத்தம்பூத் தேநீர் ஊற்றித் தருகிறார்களாம். பூவைக் காயவைத்து, செம்பருத்தி என்று எழுதிப் பெட்டியில் அடைத்து விற்கிறார்களாம். எனக்கும் ஒரு பெட்டி வந்தது. "குடிச்சுப் பாருங்கோ, ரத்தக் கொதிப்பு இறங்கும்" என்றார்கள். வாங்கிக் குப்பையில் போட்டேன். ரத்தக் கொதிப்பை இறக்குகிற பூவாம், கோதாரி! என் மாமா அந்தப் பூவால்தான் செத்தார். பூவாலும் ஒரு சொல்லாலும். உங்களுக்குச் சொல்லாமல் நானும் போய்ச் சேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் சின்னப் பெண்பிள்ளை. கச்சான் காற்று அடிக்கிற காலம். உங்களுக்குத் தெரியும், திருகோணமலையில் அந்த மாதங்களில் நாய்க்கும் விசர் பிடிக்கும், மனுசனுக்கும் பிடிக்கும். மணல் கண்ணுக்குள் அடிக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் குசினிக் கூரைத் தகரம் அதிரும். எங்கள் ஒழுங்கை உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியிலிருந்து பிரிந்தது. அம்மா என்னைப் பெற்ற அன்றே போய்விட்டாள். அப்பா புல்மோட்டையில் கனியமணல் அள்ளுகிற இடத்தில் வேலை, மாதத்தில் ஒருதரம் வருவார். என்னை வளர்த்தது அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. கூட இருந்தது அவர்களின் தம்பி, என் மாமா.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் மதில் இல்லை, வேலி. முழுக்கச் செவ்வரத்தை. அடுக்குப் பூ இல்லை, ஐந்து இதழ்க்காரச் சிவப்பு, நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்குமே, அது. வேலியில் ஒரு பொட்டு இருந்தது. குனிந்தால் ஆள் நுழையலாம். பொட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அதனால் எங்களுக்குக் கிரேன் மாத்தையா, கிரேன் ஐயா. மனைவியை நோனா என்போம். அவர்களுக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை, என் வயது, என் கூட்டாளி.

பெரியம்மாவுக்கு அந்த வேலிதான் மருந்துக்கடை, மரக்கறிக்கடை, கோயில், எல்லாம். இலையை அம்மியில் வைத்துக் குத்துவாள். அரைப்பதென்று சொல்லமாட்டேன், குத்துவாள். கொழகொழவென்று வருகிற பச்சைச் சளியை என் தலையில் அப்பி, மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தேய்ப்பாள். கத்தினால் முதுகில் ஒன்று விழும். பூவைக் காம்பு கிள்ளி, அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறை வறுப்பாள். சுடுதண்ணீரில் பூவைப் போட்டால் தண்ணீர் ஊதா நிறமாகக் கறுக்கும். தேசிக்காயைப் பிழிந்தவுடன் ரத்தச் சிவப்பாக மாறும். அதில் சீனி போட்டு மாமாவுக்குக் கொடுப்பாள். ஒழுங்கையில் எந்தப் பெண்ணுக்கு உதிரப்போக்கு என்றாலும் வெறும் வயிற்றில் மொட்டு. அப்பா வந்தால் அவருடைய சப்பாத்துக்கும் அதே பூதான். கசக்கித் தேய்த்தால் கறுப்புத் தோல் பளபளக்கும். நாவூறு கழிக்க மிளகாயோடும் உப்போடும் அதே பூ. தலையைச் சுற்றி அடுப்பில் போட்டால் வெடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு மாலை.

"முந்தி அம்மாளுக்குக் கிடாய் வெட்டினவை," என்பாள், வாழைநாரில் பூவை இறுக்கிக்கொண்டே. "இப்ப அது இல்லை. அவளுக்கு ரத்தத்தின்ர நிறத்தையாவது காட்டவேணும். இல்லாட்டி அவள் வேற இடத்தில எடுப்பாள்."

அந்தக் கதை கேட்ட அன்று நான் வேலிப்பக்கம் போகமாட்டேன்.

நோனாவும் எங்கள் வேலியில் கை வைப்பாள். இலை மட்டும். அவளுக்கும் தலைக்கு அதுதான். பூவை ஒருநாளும் தொட்டதில்லை. பூவைப் பிடுங்கி நான் கூட்டாளியின் காதில் செருகினால், நோனா வந்து எடுத்துத் தூர எறிவாள், என்னை ஏசமாட்டாள். ஒருநாள் பெரியம்மா கடகம் நிறையப் பூவை நீட்ட, நோனா இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்தாள். பொட்டடியில் நின்று தன்னுடைய அரைகுறைத் தமிழில் நெடுநேரம் எதையோ சொன்னாள், கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பெரியம்மா சிரித்தபடி திரும்பி வந்தாள்.

"என்ன பெரியம்மா சொல்லுறா?"

"ஒண்டுமில்லை. அவளுக்கு விசர். நீ போய்ப் படி."

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமா துறைமுகத்தில் கூலி. கிரேன் கொக்கி இறங்குகிற இடத்தில் நின்று மூட்டைக்குக் கயிறு மாட்டுகிறவர். தலைக்கு மேலே அவ்வளவு பாரம் தொங்கும். அதைப் பிடித்திருப்பது கிரேன் மாத்தையாவின் கை. "அண்ணையின்ர கை இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்டும் நடவாது" என்பார் மாமா. அவர் மாமாவை "மல்லி" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் தம்பி. எங்களுக்கு மல்லி என்றால் ரசத்துக்குப் போடுகிறது. "டேய் கொத்தமல்லி, உன்ர அண்ணை கூப்பிடுறான்" என்று பெரியம்மா பகிடி பண்ணுவாள். அப்போது எல்லாரும் சிரித்தோம். ஒரு சொல் இரண்டு வீட்டில் இரண்டு பொருள் என்பது சிரிக்கிற விசயமாகத்தான் இருந்தது.

அந்தக் கச்சானில்தான் மான் வந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள் வந்து குப்பை கிளறுவது புதினமில்லை. இது வேலியில் மொட்டுகளைத் தின்றுகொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை மாலைக்கு வைத்திருந்த மொட்டு. பெரியம்மா கையில் இருந்தது உலக்கை. எறிந்தாள். முன்னங்கால் முறிந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். மான் விழுந்து, எழும்பி, விழுந்து, பொட்டுக்குள் சிக்கிக்கொண்டு கதறியது. மான் கதறும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"பாத்துக்கொண்டு நிக்கிறாய், முடிச்சு விடன்ரா!" என்று பெரியம்மா மாமாவிடம் கத்தியைக் கொடுத்தாள்.

மாமா கத்தியை வாங்கிக்கொண்டு மானுக்குப் பக்கத்தில் குந்தினார். அதன் கழுத்தைத் தடவினார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினார். ஆம்பிளை, மீசை வைத்த ஆம்பிளை, தேம்பித் தேம்பி. "ஏலாது அக்கா. என்னால ஏலாது."

கிரேன் மாத்தையா தன் பக்கத்திலிருந்து அலவாங்கோடு வந்தார். தேங்காய் உரிக்கவும் கிடங்கு கிண்டவும் வைத்திருந்த இரும்புக் கடப்பாரை. மாமாவை எழுப்பி அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினார். ஒரே அடி. சத்தம் நின்றுவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "மல்லி, பாவம் பாக்கிறது நல்லம். ஆனா நோவோட விடுறது பாவம்" என்றார். இரண்டு பேருமாக வேலியடியிலேயே குழி வெட்டி மானைத் தாட்டார்கள். பெரியம்மா மட்டும், "பொம்பிளைப் பிறப்பு" என்று தம்பியைப் பார்த்துத் துப்பினாள்.

அதற்குப் பிறகு கூட்டாளிக்குக் காய்ச்சல் வந்தது. நெருப்புக் காய்ச்சல். ஆசுபத்திரியில் வைத்திருந்து மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். விட்டது என்று நினைக்க, திரும்பவும் காய்ந்தது. கையில், பன்சலைப் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டியிருந்தார்கள். தலைமயிர் கொட்டி, கண் குழிக்குள் போய், என்னைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். நோனா கொத்தமல்லி அவித்து அவித்துப் பருக்கினாள். எனக்கு என் கூட்டாளி செத்துப்போவாள் என்ற பயம். இரவில் நித்திரை இல்லை. பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாத. அம்மாளிட்டக் கேக்கிறன்," என்றாள்.

அவளுடைய பாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பச்சைத்தண்ணி பல்லில் படாமல் இருந்து, வேலியில் ஒரு பூ மிச்சமில்லாமல் பிடுங்கி, தொடையளவு தடிப்பில் மாலை கட்டினாள். காளியின் கழுத்தில் சாத்தி, பூசை முடிய, ஐயரிடம் அந்த மாலையையே திருப்பி வாங்கினாள். அம்மாளின் கழுத்தில் கிடந்த மாலையை விடப் பெரிய காவல் எது? என்னையும் இழுத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தாள். நோனா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டு நின்றாள். பெரியம்மா நேரே உள்ளே போய், கட்டிலில் கிடந்த கூட்டாளியின் கழுத்தில் மாலையைப் போட்டு, நெற்றியில் குங்குமத்தை அப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

கிரேன் மாத்தையா வேலை முடிந்து அப்போதுதான் வந்தார்.

வாசலில் நின்றவரின் முகத்தை நான் பார்த்தேன். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். பிள்ளை செத்துவிட்டாள் என்றே நினைத்தாரோ தெரியாது. பிறகு அலறினார். எங்களோடு எப்போதும் தமிழில் கதைக்கிற மனுசன், கோபம் வந்தால் தன் பாசைக்குத்தானே ஓடுவான்? சிங்களத்தில் படபடவென்று கத்தினார். அதற்குள் திரும்பத் திரும்ப ஒரு சொல். "வத மல்! வத மல்!" எனக்கு அது "வதம்... வதம்..." என்றுதான் கேட்டது. சூரனை வதம் செய்தது, மகிசனை வதம் செய்தது என்று கோயிலில் கேட்ட வதம்.

மாலையைப் பிடித்து இழுத்தார். நார் அறவில்லை. பிள்ளையின் கழுத்து மாலையோடு மேலே வந்தது. பல்லால் கடித்து அறுத்தார். கீழே எறிந்து சப்பாத்துக் காலால் மிதித்தார், மிதித்தார், சீமெந்துத் தரை சிவப்பாகும்வரை மிதித்தார். "ஐயோ, அம்மாளின்ர மாலை!" என்று பெரியம்மா குனிந்தபோது கன்னத்தில் அறைந்தார். கிரேன் ஓட்டுகிற கை. பெரியம்மா கதிரையில் அடிபட்டு விழுந்தாள். கடைவாயில் ரத்தம். கூட்டாளி எழும்பியிருந்து வீரிட்டாள். காய்ச்சல் தொடங்கியபின் அவள் வாயிலிருந்து வந்த முதல் பெரிய சத்தம் அது. அதை யாரும் கவனிக்கவில்லை. நான்தான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து பெரியம்மா வாயைக் கழுவவில்லை. ரத்தத்தோடு அப்படியே குசினி வாசலில் இருந்தாள், தம்பி வரட்டும் என்று.

பொழுது படுகிற நேரம் மாமா வந்தார். தோளில் உப்பு மூட்டை உரசிய வெள்ளை.

"ஆர் அக்கா அடிச்சது?"

"உன்ர அண்ணைதான். வேற ஆர்?"

மாமா நம்பவில்லை. "அவர் சும்மா அடிக்கமாட்டார். நீ என்ன செய்தனி?"

பெரியம்மாவின் முகம் மாறியது. "நான் என்ன செய்தனானோ? அவன் என்ன சொன்னவன் எண்டு கேள். வதம் எண்டு சொன்னவன். உன்னையும் இந்தப் பிள்ளையையும் வதம் செய்வனாம். ஒருதரம் இல்லை, எத்தினை தரம் கத்தினவன்! இந்தா, பிள்ளையும் நிண்டதுதானே. வதம் எண்டு கேட்டதோ இல்லையோடி?"

கேட்டதுதான். மாமா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தார். மானுக்கு முன்னால் கீழே வைத்த அதே கத்தி.

"போடா, ஆம்பிளையெண்டால் போ," என்றாள் பெரியம்மா.

மாமா பொட்டுக்குள்ளால் போனார். நான் பின்னால் ஓடினேன். கிரேன் மாத்தையா கிணற்றடியில் பிள்ளையின் நெற்றிக்குப் போட ஈரத்துணி பிழிந்துகொண்டு நின்றார். மாமாவைக் கண்டு "மல்லி..." என்று தொடங்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். நான் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டினார். கத்தி வலது முன்னங்கையில் இறங்கியது. அவர் பின்னால் சாய்ந்து, இடது கைக்கு எட்டியதைப் பிடித்து வீசினார். கிணற்றடியில் சாத்திக் கிடந்த அலவாங்கு.

ஒரே அடி.

மாமா வேலிக்குள் விழுந்தார். பூவெல்லாம் அன்று காலையிலேயே பிடுங்கியாகிவிட்டது. வெறும் பச்சை. அந்தப் பச்சையில் மாமாவின் தலையிலிருந்து வந்தது மட்டும்தான் சிவப்பு. கிரேன் மாத்தையா அலவாங்கைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்து, எலும்பு தெரிகிற கையால் மாமாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, "மல்லி, மல்லி, மல்லி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொலிஸ் வந்து பிரிக்கும்வரை சொன்னார்.

கோர்ட்டில் என்ன தீர்த்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கை பிறகு கிரேன் ஓட்டவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். ஒழுங்கையில் கதை இரண்டாகப் பிரிந்தது. எங்கள் ஆட்கள், "வதம் செய்வேன் என்று சொல்லி அடித்துக் கொன்றான்" என்றார்கள். அவர்களின் ஆட்கள், "காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தில் சாவு மாலை போட்டார்கள்" என்றார்களாம். சாவு மாலையா, இதென்ன பொய் என்று நாங்கள் கொதித்தோம். இரண்டு பக்கத்துக் கூரையிலும் கல் விழுந்தது. நோனா பிள்ளையோடு லொறி ஏறிப் போனாள். கூட்டாளிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மொட்டைத் தலையோடு சாமான்களுக்கு மேலே இருந்தாள். நான் கை காட்டினேன். அவள் காட்டவில்லை.

பெரியம்மா அதற்குப் பிறகு தலைக்கும் இலை குத்தவில்லை, வறையும் வறுக்கவில்லை, கோயிலுக்கு மாலையும் கட்டவில்லை. வேலியை வெட்டுவோம் என்று அப்பா கத்தியோடு வந்தபோது குறுக்கே படுத்துவிட்டாள். ஒவ்வொரு காலையும் ஒரே ஒரு பூ, மாமாவின் படத்துக்கு. எத்தனை கலவரம் வந்தது, எத்தனை தரம் ஓடினோம், எத்தனை முகாமில் கிடந்தோம். போன இடத்திலும் எங்கேயாவது ஒரு செவ்வரத்தை தேடிப் பிடிப்பாள். அவளுக்குக் கண் போனபின் அந்த வேலை எனக்கு வந்தது.

இனி, போன வருசத்துக் கதை. கிளினிக்கில் நான் இருந்த வாங்கில் ஒரு சிங்களக் கிழவி, கந்தளாயிலிருந்து வந்தவள். நம்ம வயசுக்காரருக்கு வேறென்ன கதை? பிரஷர்க் கதைதான். அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"குளிசை மட்டும் போதாது அக்கா," என்றாள். "வத மல் போட்டுத் தண்ணி குடிங்க. அது நல்லம்."

நான் அவள் பக்கம் முழுக்கத் திரும்பினேன். "என்ன மல்?"

அவள் ஆசுபத்திரி மதிலோரம் நின்ற செடியைக் காட்டினாள். ஐந்து இதழ்ச் சிவப்பு, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"ராசா காலத்துல, கொல்லக் கூட்டிட்டுப் போற ஆள்ட கழுத்துல இந்த மாலைதான் போடுறது. அதான் அந்தப் பேர். நாங்க பன்சலைக்குக் கொண்டு போறதில்லை." சொல்லிக்கொண்டே தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

வத என்பது எங்கள் வதைதான். மல் என்றால் பூ. கொலைக்குப் போகிறவனின் பூ. ஐயோ, அந்த மனுசன் எங்களை வதம் செய்வேன் என்று கத்தவில்லை! தன் பிள்ளையின் கழுத்தில் கிடந்த பூவின் பேரைத்தான் கத்தினார். அந்த ஒரு சொல்லுக்காக மானுக்கு அழுத மாமா கத்தி தூக்கினார். என் நம்பர் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தக் கிழவி பாவம், தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துப் பயந்துபோனாள்.

பெரியம்மாவிடம் சொல்வதா விடுவதா என்று நாள்கணக்காக மனம் அடித்துக்கொண்டது. தொண்ணூறு தாண்டிய உடம்பு. தன் தம்பி பிழையாகக் கேட்ட ஒரு சொல்லால் செத்தான் என்று தெரிந்தால் அந்த நிமிசமே உயிர் போய்விடும் என்று பயந்தேன். சொல்லாமல் விட்டால், அந்த மனுசனைக் கொலைகாரன் என்று திட்டிக்கொண்டே போய்விடுவாளே என்றும் இருந்தது. கடைசியில் ஒரு காலை, கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"பெரியம்மா, கிரேன் மாத்தையா அண்டைக்கு வதம் எண்டு சொல்லேல்லை. வத மல் எண்டு சொன்னவர். அது செவ்வரத்தைக்கு அவையின்ர பேர். சாவுக்குப் போறவைக்குப் போடுற பூவாம்."

கஞ்சியை விழுங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நோனா பொட்டடியில நிண்டு சொன்னவள்தானே. நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. அம்மாளின்ர மாலைக்கு முன்னால அவளின்ர ராசாக் கதை என்ன செய்யும் எண்டு நினைச்சனான்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "அப்ப அவர் பூவைத்தான் சொல்லுறார் எண்டு அண்டைக்கே விளங்கினதோ?"

"ஓம்."

"பிறகேன் மாமாவிட்டை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் என்ன செய்தனான் எண்டு என்னைக் கேக்கிறான், என்ர வாயில ரத்தம் வடியுது," என்றாள். அத்தனை வருசம் கழிந்தும் அந்தக் குரலில் சூடு இறங்கவில்லை. "அவன் ஒரு மானுக்கு அழுதவன். அடிச்சுப்போட்டான் எண்டு மட்டும் சொல்லியிருந்தா எழும்பியிருப்பானோ? வேற என்ன சொல்ல? போய் ரெண்டு அடி குடுத்திட்டு வருவான் எண்டு நினைச்சன்."

அழவில்லை. நானும் அழவில்லை. வெளியே கச்சான் தொடங்கியிருந்தது. கூரைத் தகரம் படபடத்தது. எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தாளே, அப்படிப் பிடித்து. ஆனால் அந்தத் தலையில் பிடிக்க மயிரே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு காலையும் கேட்கிறமாதிரிக் கேட்டாள்.

"மாமாவுக்குப் பூ வைச்சிட்டியோ?"

அன்று நான் இன்னும் பூ வைக்கவில்லை; மாமாவின் படம் சுவரில் வெறுமையாகத் தொங்கியது. அதற்குப் பிறகு அவள் இருந்த நாளெல்லாம் அது வெறுமையாகத்தான் தொங்கியது.

"ஓம் பெரியம்மா," என்றேன், "வைச்சிட்டன்."